கடல் தண்ணி சோப்புக்குப் பதிலாகாது

"கடல் தண்ணில கை கழுவினா போதும், உப்பே கிருமிய கொன்னுரும், சோப்பு வேண்டாம்" என்று குளச்சல், முட்டம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறான செய்தி.

கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம்தான். கிருமியைக் கொல்ல அது போதாது. காலராக் கிருமியோ, ஆறு கடலில் கலக்கும் உவர்நீரிலேயே வாழக்கூடியது.

சாளை மீன் வெட்டிய கையைக் கடலில் அலசிப் பாருங்கள், பிசுக்கு அப்படியே இருக்கும். அந்தப் பிசுக்கோடுதான் கிருமியும் ஒட்டியிருக்கும். சோப்பு இரண்டையும் தோலிலிருந்து பிரித்துத் தண்ணீரோடு அனுப்பிவிடும். வாசனை சோப்புதான் வேண்டுமென்றில்லை, துணி சோப்புத் துண்டே போதும். நகக்கண், விரலிடுக்கு விடாமல் 20 நொடி தேய்க்கணும்.

சந்தேகமென்றால் உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள், அல்லது 104 மருத்துவ உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்தச் செய்தியை மட்டும் இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.