போன் நர்சம்மாவுக்கா, மேலிடத்துக்கா?

கர்ப்பிணிகளுக்காகப் புதிதாக ஒரு செயலி வருகிறது என்று செய்தி பார்த்தாலே எனக்கு முதலில் எழும் கேள்வி, அந்தப் போன் யார் கையில் இருக்கும் என்பதுதான்.

2019-21இல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பை எடுத்துப் பாருங்கள். தனக்கென்று ஒரு கைபேசி வைத்துத் தானே பயன்படுத்தும் பெண்கள் இந்திய அளவில் 54 சதவீதம். கிராமத்தை மட்டும் பிரித்தால் 46.6. பாதிக்கும் கீழே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு போடும்போது "நம்பர் சொல்லும்மா" என்றால் பல பெண்கள் சொல்வது வீட்டுக்காரர் நம்பரைத்தான். தருமபுரிப் பக்கம் அந்த வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார். "உங்களுக்கு எட்டாம் மாதம் தொடங்கிவிட்டது, கால் வீக்கம் இருக்கிறதா என்று கவனியுங்கள்" என்ற குரல் சாரத்தின் மேல் நிற்கும் அவர் காதில் போய் விழும். அவர் கால் வீங்கவில்லை என்று கட் பண்ணிவிடுவார்.

சிரிப்புக்காகச் சொன்னாலும், இந்தச் சிக்கல் நாடு முழுக்க இருக்கிறது. மத்திய அரசின் 'கில்காரி' திட்டம் 2016 ஜனவரியில் தொடங்கியது. நான்காம் மாதத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை வாரம் ஒன்றாக 72 குரல் செய்திகள் போனுக்கு வரும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்றுதான் எஸ்எம்எஸ்ஸை விட்டுக் குரலைப் பிடித்தார்கள். நல்ல யோசனை, மறுக்கவில்லை. மத்தியப் பிரதேசத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் பெண்களை வைத்து அதை முறையாகச் சோதித்தார்கள். முடிவு 2022இல் வந்தது. கருத்தடைச் சாதனங்களின் பயன்பாடு கொஞ்சம் கூடியிருந்தது. தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் வழக்கத்தில் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பால் சுரக்கவில்லை என்று மூன்றாம் நாள் அழுகிற பெண்ணுக்கு, பதிவு செய்த குரலிடம் திருப்பிக் கேட்க வழியில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "இப்படித் தூக்கு, வாயை அகலமா திறக்கட்டும், காம்பை மட்டும் வைக்காதே" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நேரில் வர முடியாதபோதுதான் போனுக்கு வேலை.

கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரில் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கிறது. அங்கே கர்ப்பிணிகளுக்குச் செய்தி அனுப்பியதோடு நிற்காமல், சுகாதாரப் பணியாளரைத் திருப்பிக் கூப்பிடப் போன் கூப்பனும் கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவரிடம் பிரசவம் பார்த்துக்கொண்டவர்கள் இந்தத் திட்டத்தில் இருந்த பெண்களிடையே 60 சதவீதம், இல்லாதவர்களிடையே 47. பெரிய வித்தியாசம். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் அந்த ஏற்றம் முழுக்க நகரத்துப் பெண்களிடம். கிராமத்துப் பெண்களிடம் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. போன் வந்தது, ஆஸ்பத்திரி இருந்த இடத்திலேயே இருந்தது. வேறு எப்படி இருக்கும்?

தாய்மார் மரணம் ஏன் நிகழ்கிறது என்பதை மூன்று தாமதங்களாகப் பிரித்துத் தாடியஸ், மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994இல் எழுதினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவெடுப்பதில் ஒரு தாமதம், போய்ச் சேர்வதில் ஒன்று, போன பிறகு சிகிச்சை கிடைப்பதில் ஒன்று. போன் முதல் தாமதத்தை நன்றாகவே குறைக்கும். இரண்டாவதை, ரோடும் வண்டியும் இருந்தால் குறைக்கும். மூன்றாவதில் ரத்தமும் டாக்டரும் இல்லாத இடத்தில் போன் ஒன்றும் கிழிக்காது.

தமிழ்நாட்டின் கதை கொஞ்சம் வேறு. இங்கே 8,713 துணை சுகாதார நிலையங்கள். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒன்று, மலையில் மூவாயிரம் பேருக்கு ஒன்று என்று கணக்கு. 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2008இலிருந்து 108 வண்டி, முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் தொகை, எல்லாம் சேர்ந்து பிரசவங்களில் 99 சதவீதத்துக்கு மேல் மருத்துவமனைக்கு வந்துவிட்டன. 2018-20 கணக்குப்படி உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்குத் தாய்மார் இறப்பு இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54. ஸ்மார்ட்போன் வந்து சாதித்ததல்ல இது. வெயிலில் நடந்த நர்சம்மாக்கள் சாதித்தது. அந்த அடித்தளம் இருப்பதால்தான் நம் ஊரில் போனால் இன்னும் நிறையச் செய்ய முடியும் என்கிறேன்.

ஆனால் நாம் என்ன செய்தோம்? போனை மேலிடத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தோம். கர்ப்பிணியை இணையத்தில் பதிவு செய்தால் ஆர்சிஎச் எண் என்ற தாய்-சேய் நலப் பதிவு எண் வரும். அது இல்லாவிட்டால் 18,000 ரூபாய் மதிப்புள்ள மகப்பேறு உதவி இல்லை. 2017இலிருந்து பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். இதனால் யாரும் பட்டியலில் விடுபடக் கூடாது என்ற நோக்கம் சரிதான். யாருக்கு ரத்தசோகை, யாருக்கு முதல் பிரசவம் சிசேரியன் என்று மாவட்டத்தில் உட்கார்ந்து பார்க்க முடிவது சின்ன விஷயம் அல்ல. ஆனால் இத்தனையையும் உள்ளே ஏற்றுவது யார்? நோட்டிலும் எழுதி, திரையிலும் அடித்து, சர்வர் வேலை செய்யும் நேரம் பார்த்து ராத்திரி உட்காருவது அதே நர்சம்மாதான்.

என் சித்தி கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி வருஷங்களைப் பற்றி அவர் சொல்வது: "முன்ன எல்லாம் திண்ணையில உக்காந்து புள்ளையோட மூஞ்சியப் பாத்துப் பேசுவேன்டா. அப்புறம் போனப் பாத்துக்கிட்டே பேசற மாதிரி ஆயிடுச்சு."

அதே சித்தி போனைத் திட்டவும் மாட்டார். அவர் கைபேசிக்கு வந்த மிஸ்டு கால்கள்தான் என் கண்ணால் பார்த்த உண்மையான தொழில்நுட்பம். ராத்திரி பத்து மணிக்கு ஒரு மிஸ்டு கால் வரும். இவர் திருப்பிக் கூப்பிடுவார். எடுத்தவுடன் "என்னம்மா ஆச்சு" என்று கேட்டுவிட்டு நான்கு கேள்விகள். தலை வலிக்குதா? கண்ணு மங்கலா தெரியுதா? மேல் வயிறு வலிக்குதா? குழந்தை அசையுதா? முதல் இரண்டுக்கும் "ஆமாங்க" என்று வந்தால் அதற்கு மேல் பேச்சில்லை. 108ஐக் கூப்பிடச் சொல்லி வைத்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்து ஸ்டாஃப் நர்ஸை அழைத்து, "பிரஷர் கேஸ் ஒண்ணு வருது, ஊசி ரெடியா வை" என்பார். வலிப்பு வருவதற்கு முன்னால் மக்னீசியம் சல்பேட் போட முடிந்தால் பாதி ஆபத்து விலகியது மாதிரி. இந்த இரண்டு போன்களுக்கும் நடுவே ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. எந்தச் செயலியும் இல்லை.

இன்னொரு வித்தையும் உண்டு. "ஸ்பீக்கர்ல போடு, உங்க அத்தைகிட்ட பேசறேன்" என்பார். கிராமத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்பது பெரும்பாலும் மருமகள் எடுக்கும் முடிவல்ல. "விடிஞ்சு போய்க்கலாம்" என்று சொல்லப்போகிற மாமியாரிடம் நேரடியாக, "அக்கா, இந்தப் பிள்ளைய இப்பவே கூட்டிட்டு வாங்க, விடியற வரைக்கும் வெச்சிருக்காதீங்க" என்று நர்சம்மா குரல் சொன்னால் வண்டி ஏறிவிடுவார்கள். 72 செய்திகளையும் கர்ப்பிணிக்கே அனுப்புகிறவர்கள் இந்த ஸ்பீக்கர் பொத்தானைப் பற்றிக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

பச்சிளம் குழந்தை விஷயத்தில் போன் இன்னும் உதவும். முதல் மாதம்தான் ரொம்ப ஆபத்து. வீடு தேடிப் போய்ப் பார்ப்பதற்கு 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்கள் என்று தேசிய அளவில் ஓர் அட்டவணை உண்டு. ஆனால் குழந்தை அட்டவணை பார்த்தா சுணங்கும்? ஐந்தாம் நாள் "பால் இழுக்க மாட்டேங்குது, உடம்பு சில்லுனு இருக்கு" என்று போன் வந்தால், துணியை விலக்கித் தாயின் நெஞ்சோடு சேர்த்து அணைக்கச் சொல்லி, தலையை மூடச் சொல்லி, அப்படியே கிளம்பச் சொல்லலாம். வீடியோ காலில் குழந்தையின் நெஞ்சைக் காட்டச் சொல்லி ஒரு நிமிஷம் மூச்சை எண்ணவும் வழி உண்டு. 60ஐத் தொட்டாலே கவலைப்பட வேண்டும். இதைச் செய்வதற்கு நர்சுக்கு டேட்டா வேண்டும், அவர் அப்போது விழித்திருக்க வேண்டும்.

மலைக்கு வாருங்கள். மேலே சொன்னதில் பாதி அங்கே செல்லாது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, ரோடு இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் இறக்கிவிட, தாயே சுமந்து நடந்தார். அங்கே சிக்னல் நான்கு கோடு காட்டினாலும் என்ன பயன்? மலைக் கிராமத்துப் பெண்களை நாள் நெருங்கும்போதே அழைத்து வந்து தங்கவைக்கும் பிரசவ காத்திருப்பு அறைகள் நம்மிடம் இருக்கின்றன. பழங்குடிப் பகுதிக்கு என்னைக் கேட்டால் செயலிக்கு ஒதுக்கும் பணத்தில் முதலில் அந்த அறைகளில் நல்ல சாப்பாடும், துணைக்கு வருகிறவருக்கு ஒரு பாயும் போடச் சொல்வேன். உலக சுகாதார நிறுவனமே 2019இல் டிஜிட்டல் வழிகளுக்கான பரிந்துரைகளை வெளியிட்டபோது, இவை இயங்கும் சுகாதாரக் கட்டமைப்புக்கு மாற்று ஆகாது என்று சொல்லித்தான் வெளியிட்டது.

பிறகு என்னதான் செய்யச் சொல்கிறாய் என்றால், தென் ஆப்பிரிக்காவின் 'மாம்கனெக்ட்' திட்டத்தில் எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். 2014 ஆகஸ்டில் தொடங்கினார்கள். வாராவாரம் செய்தி போனது, அது எல்லா ஊரிலும் உண்டு. கூடவே பெண்கள் திருப்பிக் கேள்வி அனுப்பலாம், கிளினிக்கில் எப்படி நடத்தினார்கள் என்று புகாரோ பாராட்டோ எழுதலாம் என்று ஓர் உதவி மையமும் வைத்தார்கள். நம் ஊரில் பிரசவ வார்டில் கத்தப்பட்ட, ஏசப்பட்ட பெண்களுக்கு அப்படி ஒரு நம்பர் கையில் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நம்மிடம் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண் இருக்கிறது. அதில் பிரசவம் பார்த்த அனுபவமுள்ள செவிலியர்கள் ராத்திரியிலும் உட்கார்ந்து, அந்த ஏரியா நர்சையும் 108ஐயும் ஒரே அழைப்பில் இணைக்க வேண்டும். கிராம செவிலியருக்கு அரசே ரீசார்ஜ் போட்டுச் சிம் கொடுக்க வேண்டும். சொந்த நம்பரை ஊருக்கே கொடுத்துவிட்டு வருஷக்கணக்காகத் தூக்கம் கெடுவது சேவை அல்ல, சுரண்டல். ராத்திரி அழைப்புக்கு நாலைந்து துணை நிலையங்கள் சேர்ந்து முறை வைத்துக்கொள்ளட்டும். பதிவு ஏற்றுவதற்குத் தனி ஆள் போடட்டும். பதிவில் வீட்டுக்காரர் நம்பர் இருந்தால், கருக்கலைப்பு, எச்ஐவி சோதனை மாதிரியான விவரம் எதுவும் அந்த நம்பருக்குப் போகவே கூடாது. இதைத் திட்டம் போடும் முதல் நாளே எழுதி வைக்க வேண்டும்.

கடைசியாக, வருஷ அறிக்கையில் எத்தனை லட்சம் செய்தி அனுப்பினோம் என்று போடுவதை நிறுத்தலாம். ராத்திரி கூப்பிட்ட பெண்ணுக்கு எத்தனை நிமிஷத்தில் மனிதக் குரல் பதில் சொன்னது, அதற்குப் பிறகு எத்தனை நிமிஷத்தில் வண்டி வந்தது, ஒன்றியம் வாரியாக அந்த இரண்டு எண்களையும் வெளியிடட்டும்.