83 ஷெக்கல்

ஹோலோகாஸ்டில், அதாவது ஹிட்லரின் நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலையில், உயிர் தப்பிய முதியவர்கள் பலர் இஸ்ரேலில் வறுமையில் இருக்கிறார்கள் என்ற ஒரு கட்டுரையைப் படித்ததும் 2007 ஆகஸ்ட்தான் நினைவுக்கு வந்தது. அன்றைய இஸ்ரேல் பிரதமர் எஹூத் ஓல்மெர்ட்டின் அரசு அவர்களுக்கு மாதம் 83 ஷெக்கல் (இஸ்ரேல் நாணயம்) தருவதாகச் சொன்னது. அன்றைய மதிப்பில் சுமார் 20 டாலர். அதை எதிர்த்துத் தள்ளாத வயதில் அவர்கள் ஜெருசலேம் தெருவில் இறங்கி நடந்தார்கள். சிலர் நெஞ்சில் மஞ்சள் நட்சத்திரம் குத்தியிருந்தார்கள். எந்த அடையாளத்தை மாட்டி நாஜிகள் யூதர்களைச் சாவுக்கு அனுப்பினார்களோ, அதையே மருந்துச் செலவுக்காக மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் படங்களைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்று உண்டு. இஸ்ரேல் அரசின் மாத உதவித்தொகை 1953 அக்டோபருக்கு முன் வந்தவர்களுக்குத்தான் என்று வைத்திருந்தார்கள். 1990களில் சோவியத் நாடுகளிலிருந்து வந்தவர்கள் அதற்கு வெளியே நின்றார்கள். அதே கெட்டோ (நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த நகரப் பகுதி), அதே பசி, ஆனால் பிந்தி வந்தார்கள் என்று வேறு கணக்கு! நாஜி முகாமிலும் கெட்டோவிலும் இருந்தவர்களுக்கு இதைச் சரிசெய்யும் சட்டம் 2014இல்தான் வந்தது. ஜெர்மனி கொடுத்த பணத்திலிருந்து வந்த ஓய்வூதியத்துக்கும் ஆரம்பத்தில் முகாமில் ஆறு மாதம், இல்லை கெட்டோவிலோ ஒளிவிடத்திலோ 18 மாதம் இருந்திருக்க வேண்டும் என்றார்கள். ஆறு வயதில் பரணில் ஒளிந்திருந்த குழந்தை நாள்காட்டியா பார்த்துக்கொண்டிருந்திருக்கும்?

சரி, சட்டம் வந்துவிட்டது. ஆனால் அவர்களில் கடைசியில் பிறந்தவருக்கே இன்று குறைந்தது 80 வயது ஆகிறது. இனியும் விண்ணப்பம், ஆதாரம் என்று அலைக்கழிக்காமல் அதிகாரிகள் வீடு தேடிப் போய்க் கொடுக்கட்டும்.