ஒட்டகம் மேய்ச்ச ஊர்னு சொல்லாதீங்க

"எண்ணெய் மட்டும் கிடைக்கலேன்னா அரபிக்காரன் இன்னைக்கும் ஒட்டகம்தான் மேய்ச்சிட்டு இருப்பான்." மாசத்துக்கு ஒரு தடவையாவது நம்ம வாட்சப் குரூப்ல யாராவது இதப் போட்டுடுறாங்க, கீழ வரிசையா சிரிக்கிற பொம்மை. இதுல பாதிப் பேரு தம்மாம், ஜுபைல், அல்கோபார்னு அந்த ஊர்லயே உக்காந்து சம்பளம் வாங்குறவங்க. நானும் அந்தப் பக்கம் வேல பாத்தவன்தான். அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமை இருந்தா படிங்க.

சவுதி முழுசையும் பத்திப் பேசல. எண்ணெய் இருக்குற கிழக்கு மாகாணம், அதுலயும் ஹசாவும் கத்தீஃபும். ரியாத்லேர்ந்து தம்மாமுக்கு ரயில்ல வந்தவங்களுக்குத் தெரியும், வழியில தஹ்னா மணல் வரும், செக்கச்செவேல்னு, வடக்க நஃபூத் பாலைவனத்தையும் தெக்க ரப் அல் காலியையும் சேக்குற ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல நீளமான மணல் பட்டை அது. அதத் தாண்டி வந்தா ஹசாவோட பெரிய ஊரான ஹஃபூஃப் ஸ்டேஷன். இறங்கி ஊருக்குள்ள போனா எங்க பாத்தாலும் பேரீச்சந்தோப்பு. ஹசால மொத்தம் 25 லட்சம் மரம் இருக்குன்னு சொல்றாங்க, உலகத்துலயே பெரிய பாலைவனச் சோலைன்னு 2018ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேத்தாங்க. மழைன்னு பாத்தா வருஷத்துக்கு 100 மில்லிமீட்டர் கூட ஒழுங்கா பெய்யாத இடம்.

அப்ப தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு? இங்கதான் எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் இருக்கு. பல ஆயிரம் வருஷம் முன்னாடி அரேபியாவுல நல்லா மழை பெஞ்ச காலம் ஒண்ணு இருந்துச்சு. அப்ப நடு அரேபியாவுல விழுந்த மழை சுண்ணாம்புப் பாறைக்குள்ள இறங்கி, பாறை சாஞ்சிருக்குற கிழக்குப் பக்கமா மண்ணுக்கடியிலயே மெதுமெதுவா நகந்து வந்துச்சு. ஹசாகிட்ட பூமிக்குள்ள நீளமா ஒரு மடிப்பு இருக்கு, பாறை அடுக்கெல்லாம் வில்லு மாதிரி மேல வளைஞ்சிருக்கும், அங்க வர்ற தண்ணி விரிசல் வழியா தானா பொங்கி வெளிய ஊத்துச்சு, சில ஊத்துல சுடுதண்ணி. அந்த மடிப்போட பேரு கவார். ஆமா, அதே கவார்தான், சுமார் 280 கிலோமீட்டர் நீளம், 1948ல கண்டுபுடிச்ச, உலகத்துலயே பெரிய எண்ணெய் வயல். கீழ ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புப் பாறை, அதுக்கு மேல எண்ணெயத் தப்பிக்க விடாம மூடி போட்டாப்ல அன்ஹைட்ரைட்ங்கிற, ஜிப்சம் மாதிரி கெட்டிப் பாறை அடுக்கு. மேல தண்ணிய வெளிய தள்ளுன வளைவுதான் கீழ எண்ணெயப் புடிச்சு வச்சிருக்கு.

சவுதியில சுன்னி முஸ்லிம்கள்தான் அதிகம், ஷியாப் பிரிவு ஆளுங்க நெறைய இருக்குறது இந்த ஹசா, கத்தீஃப் பக்கம். "சவுதியில ஷியாக்கள் இருக்குற எடத்துல மட்டும் ஏன் எண்ணெய் இருக்கு, இது ஏதோ தெய்வச் செயல்"னு சொல்றவங்கள நெறையப் பாத்திருக்கேன். தெய்வத்த விடுங்க, பாறையே பதில் சொல்லுது. வளைவு இருந்த எடத்துல தண்ணி இருந்துச்சு, தண்ணி இருந்த எடத்துல ஜனங்க கூடாரத்தச் சுருட்டிட்டுப் போகாம வயல் வச்சு ஊர் கட்டி உக்காந்தாங்க, அப்படி உக்காந்த பழைய குடிங்கதான் பின்னாடி ஷியாவா ஆனவங்க. ஹசால ஷியா மட்டும் இல்ல, சுன்னியில நாலு மத்ஹபு (மார்க்கச் சட்ட வழி) ஆளுங்களும் தலைமுறை தலைமுறையா அங்கதான் இருக்காங்க.

இனி சரித்திரம். கி.மு. 205ல செலூசிட்ங்கிற கிரேக்க வம்சத்து ராஜா மூணாம் அந்தியோகஸ் இந்தப் பக்கம் படையோட வந்தான், கெர்ராங்கிற ஊர்க்காரங்க எங்கள நிம்மதியா சுதந்திரமா விட்டுடுன்னு சொல்லி, வெள்ளியும் சாம்பிராணியும் குடுத்து அனுப்பி வச்சாங்க. அவ்வளவு காசு, எல்லாம் வாசனைச் சரக்கு வியாபாரத்துல வந்தது. அந்த கெர்ரா எங்க இருந்துச்சுன்னு ஆராய்ச்சிக்காரங்க இன்னும் அடிச்சுக்கிறாங்க. இஸ்லாத்துக்கு முன்னாடி இங்க கிறிஸ்தவங்க இருந்தாங்க, ஜுபைல் பக்கத்துல 1980கள்ல ஒரு பழைய சர்ச் இடிபாடு மண்ணுக்குள்ளேர்ந்து வெளிய வந்துச்சு. கத்தீஃபுக்கு எதுக்க இருக்குற தாரூத் தீவுல, தாரீன்ல, 676ல கிழக்குத் திருச்சபை பிஷப்புங்க மாநாடே போட்டிருக்காங்க. நபிகள் காலமாகி நாப்பது வருஷத்துக்கு மேல ஆகியும்! அதே நேரம் ஹசால இருக்குற ஜவாதா பள்ளிவாசல் மதீனாவுக்கு அடுத்து முதல்ல ஜும்ஆ (வெள்ளிக்கிழமை) தொழுகை நடந்த எடம்னு சொல்றாங்க. ரெண்டும் ஒரே வட்டாரம்.

அப்புறம் கராமித்தாக்கள். ஷியாவுல இஸ்மாயிலிங்கிற பிரிவு வழியில வந்த ஒரு புரட்சிக் கூட்டம், 899 வாக்குல இங்க ஆட்சியப் புடிச்சாங்க. 930ல அபூ தாஹிர் மக்காவுக்குள்ள புகுந்து ஹஜ்ஜுக்கு வந்தவங்கள வெட்டிச் சாய்ச்சு, கஅபாவுலேர்ந்து கருப்புக் கல்லையே பேத்து எடுத்துட்டு வந்தான். 951லதான் திருப்பிக் குடுத்தாங்க. இது ஒரு பக்கம். 1051ல நாசிர் குஸ்ரோங்கிற பாரசீகப் பயணி வந்து பாத்துட்டு எழுதுறது இன்னொரு பக்கம்: குடிமக்கள்கிட்ட வரி கிடையாது, கஷ்டப்படுறவனுக்கு வட்டியில்லாக் கடன், மாவு அரைக்க அரசாங்க ஆலை இலவசம். ஆஹா பொன்னுலகம்னு துள்ளாதீங்க, அதே ஆளு சொல்றாரு, வயல் வேல முழுக்க விலைக்கு வாங்கின 30,000 ஆப்பிரிக்க அடிமைங்கதான் பாத்தாங்க. இந்த ரெண்டாவது வரிய நம்ம தோழர்கள் சில பேரு வசதியா விட்டுட்டு முதல் வரிய மட்டும் போஸ்ட் போடுவாங்க.

நம்ம ஊரு தொடர்பும் உண்டு. பாண்டியருங்க கடல் வழியா கூட்டங்கூட்டமா குதிரை இறக்குமதி பண்ணாங்கல்ல, காயல் துறைமுகத்துல. அந்தக் குதிரை எங்கெங்கேர்ந்து வந்துச்சுன்னு வஸ்ஸாஃப்ங்கிற பாரசீக சரித்திரக்காரர் சொல்ற பேர்ல கத்தீஃபும் லஹ்சாவும் இருக்கு. லஹ்சான்னா ஹசாதான். ஒட்டகமாம் ஒட்டகம்!

பின்னாடி போர்ச்சுகீசியர், துருக்கி, பனூ காலித்ங்கிற அரபுக் குலம், திரும்பத் துருக்கின்னு ஆட்சி கை மாறிக்கிட்டே இருந்துச்சு, அதெல்லாம் எழுதுனா விடிஞ்சிரும். 1913ல, பின்னாடி சவுதி அரேபியாவ உருவாக்குன இப்னு சவுத் துருக்கிக்காரங்கள வெரட்டிட்டு ஹஃபூஃபப் புடிச்சாரு. எண்ணெய் இருக்குன்னு அப்ப யாருக்கும் தெரியாது. அவருக்குத் தேவைப்பட்டது பேரீச்சம்பழ வருமானமும் துறைமுகச் சுங்கமும். யோசிச்சுப் பாருங்க, எண்ணெய் இல்லாம "ஒண்ணுமே இல்லாத" ஊரத்தான் நடு அரேபியாவுல இருக்குற நஜ்துலேர்ந்து இவ்வளவு தூரம் வந்து புடிச்சாரா?

எண்ணெய்க் கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். 1932ல பஹ்ரைன்ல எண்ணெய் வந்துச்சு, அங்கேர்ந்து பாத்தா தெரியுற, தம்மாம் பக்கத்து தஹ்ரான் குன்றும் அதே மாதிரி இருக்கேன்னு சந்தேகம். உலகம் பூரா மந்தம், ஹஜ்ஜுக்கு வர்ற கூட்டம் கொறஞ்சு போய் அரசாங்கக் கஜானா காலி, அதனால 1933ல அமெரிக்கக் கம்பெனிக்கு உரிமம், அதுதான் பின்னாடி அராம்கோ ஆச்சு. தோண்டத் தோண்ட ஏமாத்தம், கடைசியில 1938 மார்ச்ல தம்மாம் 7ஆம் நம்பர் கிணத்துல எண்ணெய் வந்துச்சு. கம்பெனி ஜியாலஜிஸ்ட் மேக்ஸ் ஸ்டைனிக்கிய எல்லாருக்கும் தெரியும், அவருக்குப் பாலைவனத்துல வழி காட்டுன பதூ (நாடோடி அரபு) ஆளு கமீஸ் பின் ரிம்தான் பேரையும் தெரிஞ்சு வச்சுக்கங்க.

அந்த மண்ணுக்காரனுக்கு என்ன கிடைச்சுதுங்கறதுதான் என் கேள்வி. வேல கிடைச்சுது, உண்மை. ஹசா, கத்தீஃப் ஷியாக்கள் ஆயிரக்கணக்குல அராம்கோவுல கூலிக்குச் சேந்தாங்க. ஆனா அமெரிக்கனுக்கு ஏசி வீடு, இவனுக்குத் தனி கேம்ப். 1953லயும் 1956லயும் ஸ்ட்ரைக் பண்ணாங்க, ரெண்டாவது ஸ்ட்ரைக்கோட ராஜா ஸ்ட்ரைக்கையே தடை பண்ணிட்டாரு. 1979 நவம்பர்ல, மக்கா பள்ளிவாசல ஆயுதக் கும்பல் புடிச்சு வச்சிருந்த அதே மாசம், கத்தீஃப்ல ஷியாக்களோட துக்க நாளான ஆஷுரா ஊர்வலம் போராட்டமா மாறி துப்பாக்கிச் சூட்டுல முடிஞ்சுது. 2016ல அரசாங்கத்த எதிர்த்துப் பேசுன ஷியா மதகுரு ஷேக் நிம்ர் அல் நிம்ருக்கு மரண தண்டனை, அடுத்த வருஷம் அவரு ஊரு அவாமியால பழைய குடியிருப்பயே இடிச்சாங்க. ஈரான் தூண்டுதல்னு ஒரு பேச்சு எப்பவும் உண்டு, கொஞ்சம் இருக்கலாம். ஆனா எல்லாத்துக்கும் ஈரான்னு சொல்றது, காலடியில எண்ணெய் ஓடியும் பெரிய பதவி எதுவும் எட்டலேங்கற கோபத்தப் பாக்காம இருக்குறதுக்கு ஒரு வழி, அவ்வளவுதான். சமீப வருஷங்கள்ல கெடுபிடி கொஞ்சம் தளந்திருக்குன்னு அங்க இருக்குறவங்க சொல்றாங்க, அதையும் சொல்லிடுறேன்.

தண்ணி விஷயத்துக்குத் திரும்ப வர்றேன். தானாப் பொங்குன ஊத்தெல்லாம் போன அம்பது அறுபது வருஷத்துல அடங்கிப் போச்சு, மோட்டார் போட்டு உறிஞ்சி எடுத்ததுல. இப்ப தோப்புக்குப் பம்ப்புத் தண்ணியும் சுத்திகரிச்ச கழிவுநீரும்தான் பாயுது. அங்கேர்ந்து கொஞ்ச தூரத்துல கவார்ல எண்ணெய மேல தள்ளுறதுக்கு கடல் தண்ணியக் குழாய்ல கொண்டு வந்து பூமிக்குள்ள எறக்குறாங்க. ஆயிரக்கணக்கான வருஷத்துத் தண்ணிய ஒரு தலைமுறை காலி பண்ணிருச்சு, எண்ணெய் காலியாகுறதப் பத்தி மட்டும்தான் உலகம் கவலப்படுது, எனக்கு இதுதான் ஆத்தாமையா இருக்கு.

அந்தப் பக்கம் இருக்குறவங்க லீவு நாள்ல மால்லயே சுத்தாம ஒரு தடவ ஹசா போங்க. காரா மலைக் குகை, வெளிய 45 டிகிரி அடிச்சாலும் உள்ள ஜில்லுனு இருக்கும். ஜவாதா பள்ளிவாசல், ஹஃபூஃப்ல இப்ராஹிம் கோட்டை, பக்கத்துல கைசரிய்யா சந்தை. கோடையில போனா கலாஸ்ங்கிற ரகப் பேரீச்சை புதுசா கிடைக்கும், பேரம் பேசியே வாங்குங்க.