சட்டம் போட்டவர் வீட்டுச் சமையலறை

ஹேரியட் பீச்சர் ஸ்டோ அடிமை முறையை எதிர்த்து எழுதிய 'அங்கிள் டாம்ஸ் கேபின்' என்றால் அமெரிக்க உள்நாட்டுப் போரையே மூட்டிவிட்ட நாவல் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதன் பலம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் ஒன்பதாவது அத்தியாயத்தை எடுத்துக் கையில் கொடுப்பேன்.

தப்பியோடிய அடிமைக்கு அடைக்கலம் கொடுத்தால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அடிமை முறை இல்லாத வட மாநிலத்தவரையும் கட்டிப்போட்ட 1850-ஆம் ஆண்டுச் சட்டம் இது. நாவலில் வரும் ஒஹையோ மாநில செனட்டர் (சட்டமன்ற உறுப்பினர்) பேர்ட் இதே போன்ற ஒரு சட்டத்துக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வீடு திரும்புகிறார். மனைவி மேரி அவரை உண்டு இல்லை என்று ஆக்குகிறாள். அன்றிரவே, பிள்ளையை விற்றுவிடுவார்கள் என்று பயந்து, அவனைத் தூக்கிக்கொண்டு ஆற்றின் பனிப்பாளங்களில் தாவித் தப்பிய அடிமைப் பெண் எலைசா, காலெல்லாம் இரத்தமாக அவர்கள் சமையலறைக்கு வந்து சேர்கிறாள். "அம்மா, நீங்கள் பிள்ளையைப் பறிகொடுத்ததுண்டா?" என்று கேட்கிறாள். ஒரு மாதத்துக்கு முன்புதான் அந்த வீட்டில் ஒரு குழந்தையை அடக்கம் செய்திருந்தார்கள். இழுப்பறையில் இருக்கும் அந்தக் குழந்தையின் துணிகளை நினைவுபடுத்துவது யார்? சட்டம் போட்ட அதே செனட்டர், வார்த்தை வராமல் தடுமாறியபடி. மேரி திறக்கிறாள்: குட்டிச் சட்டைகள், முனை தேய்ந்த காலணிகள், பொம்மைக் குதிரைவண்டி, ஒரு பம்பரம். ஹேரியட் பீச்சர் ஸ்டோ 1849-இல் சின்சினாட்டியில் தன் ஒன்றரை வயது மகனைக் காலராவுக்குப் பலிகொடுத்தவர். அந்தத் துக்கம் தெரியாதவர் எழுதக்கூடிய பக்கமல்ல இது.

1852-இல் நூலாக வந்து ஓராண்டில் அமெரிக்காவில் மட்டும் மூன்று இலட்சம் பிரதிகள் விற்றன. அதைவிட எனக்கு உறைப்பது சாமுவேல் கிரீனின் கதை. மேரிலாந்தைச் சேர்ந்த சுதந்திரக் கறுப்பினப் போதகர். வீட்டில் இந்த நாவல் இருந்த குற்றத்துக்காக 1857-இல் அவருக்குப் பத்தாண்டுச் சிறை!

நாவலின் நாயகனான அடிமை டாமுக்கு நேர்ந்த அநியாயம்தான் எனக்கு ஆறவே இல்லை. நாவலில் அவன் அகன்ற மார்புள்ள, கட்டுமஸ்தான மனிதன். இன்னொரு அடிமைப் பெண்ணைச் சவுக்கால் அடிக்க மறுக்கிறான். ஒளிந்திருக்கும் இரு பெண்களைக் காட்டிக்கொடுக்க மறுத்து அடிபட்டே சாகிறான். நாடக மேடைகள் அவனைக் கூனிக் குழையும் கிழவனாக்கின. வெள்ளையருக்குப் பணிந்துபோகும் கறுப்பினத்தவரைத் திட்டும் வசையாக அவன் பெயரே ஆகிவிட்டது.

ஸ்டோவிடமும் குறை உண்டு. எலைசாவின் கணவன் ஜார்ஜ் ஹாரிஸ் விடுதலை பெற்றதும், அவனை அவர் ஆப்பிரிக்காவிலுள்ள லைபீரியாவுக்குக் கப்பலேற்றிவிடுகிறார். அவனுக்கு அமெரிக்காவிலேயே ஒரு வீடும் ஓட்டுரிமையும் கேட்டிருக்க வேண்டும். கறுப்பின வாசகர்கள் அன்றே அதைக் கண்டித்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானது.