100 கோடி டாலர், 175 ஓட்டு

(நியூயார்க், ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீன். குவீன்ஸில் ரொம்ப வருஷமாக இருக்கும் சுந்தரம்; ஊரிலிருந்து புதிதாக வந்த அக்கா மகன் ரகு.)

ரகு: மாமா, இங்க வேலையை விட்டுத் தூக்கினா கையில ஏதாச்சும் கொடுப்பாங்களா?

சுந்தரம்: ஆளைப் பொறுத்துடா. மைக்கேல் ப்ளூம்பெர்க்கை 1981ல சாலமன் பிரதர்ஸ்ங்கற முதலீட்டு வங்கி தூக்கினப்ப 1 கோடி டாலர் கொடுத்துச்சு.

ரகு: அங்க ஆள் எடுக்கறாங்களா?

சுந்தரம்: அவர் பங்குதாரர்டா, கம்பெனி கைமாறினப்ப கிடைச்ச பங்கு. அதை வச்சு பாண்டு, அதாவது கடன் பத்திர விலையை உடனுக்குடன் காட்டுற கம்ப்யூட்டர் பெட்டி செஞ்சார். மெரில் லிஞ்ச்ங்கற பங்குத் தரகு கம்பெனி முதல்ல 20 பெட்டி எடுத்துச்சு. பெட்டியை விக்கவே மாட்டார், வாடகைதான்.

ரகு: ஹவுஸ் ஓனர் மூளை!

சுந்தரம்: 2001ல நியூயார்க் மேயருக்கு நின்னார். டெமாக்ரட் கட்சிக்காரர்தான், ஆனா அங்க கூட்டம் ஜாஸ்தின்னு ரிபப்ளிக்கன் கட்சி டிக்கெட் வாங்கிக்கிட்டார். சொந்தக் காசு 7 கோடியே 40 லட்சம். ஓட்டுக்கு 100 டாலர் பக்கம் ஆச்சு.

ரகு: (நிமிர்ந்து) கவர்ல போட்டா?

சுந்தரம்: டிவி விளம்பரத்துக்குடா! ஜெயிச்சப்புறம் சம்பளம் வருஷத்துக்கு 1 டாலர்.

ரகு: போட்ட முதல் திரும்ப 7 கோடி வருஷம் ஆகுமே.

சுந்தரம்: அதான் 8 வருஷம் பத்தலை. ரெண்டு தடவைக்கு மேல நிக்கக் கூடாதுங்கற சட்டத்தை 2008ல மாநகராட்சி 29க்கு 22ன்னு மாத்துச்சு. மூணாவது தடவை 10 கோடிக்கு மேல இறைச்சும் 5 சதவீதம்கூட வித்தியாசம் இல்ல. ஓட்டு ஒண்ணு 170 டாலருக்கு மேல.

ரகு: விலைவாசி மாமா!

சுந்தரம்: அப்புறம் சோடா கூத்து. 16 அவுன்ஸ், அதாவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அதுக்கு மேல பெரிய கப்புல இனிப்பு சோடா விக்கக் கூடாதுன்னார். ஹோட்டல், தியேட்டர் எல்லாம் மாட்டிக்கிச்சு. மளிகைக் கடை, செவன் இலெவன் மாட்டலை.

ரகு: அது ஏன்?

சுந்தரம்: அந்தக் கடையெல்லாம் மாநில அதிகாரத்துல வருது, நகர சுகாதார வாரியம் கை வைக்க முடியாது. ஹோட்டல்லயும் ரெண்டு சின்ன கப் வாங்கறதை யாரும் தடுக்கலை. ஓட்டை இவ்வளவு இருந்தா கோர்ட் விடுமா? 2013ல, அமலுக்கு வர்றதுக்கு முந்தின நாள் தடை.

ரகு: சரி, ஜனாதிபதிக்கு நின்னாரே?

சுந்தரம்: 2019 நவம்பர்ல லேட்டா வந்தார், திரும்ப டெமாக்ரட்டா. முதல்ல கட்சி வேட்பாளர் யாருன்னு மாநிலம் மாநிலமா ஓட்டெடுப்பு நடக்கும். முதல் 4 மாநிலத்தை விட்டுட்டு, நிறைய மாநிலம் ஒரே நாள்ல ஓட்டுப் போடுற மார்ச் 3 சூப்பர் செவ்வாய்ல நேரா இறங்கினார். 100 கோடி டாலருக்கு மேல செலவு.

ரகு: ஐயோ!

சுந்தரம்: வினை விவாத மேடையில வந்துச்சு. கம்பெனியில வேலை பார்த்த பெண்கள்கிட்ட வாங்கின வாய்ப்பூட்டு ஒப்பந்தத்தையெல்லாம் ரத்து பண்ணுவீங்களான்னு, கூடப் போட்டி போட்ட எலிசபெத் வாரன் பிடிச்சுக்கிட்டாங்க. விளம்பரத்துல எடிட் பண்ணலாம், மேடையில முடியுமா? அதோட, மாநில அளவுல 15 சதவீதம் தொடலைன்னா அந்தக் கணக்குல, வேட்பாளரை முடிவு பண்ற கட்சி மாநாட்டுப் பிரதிநிதி ஒருத்தர்கூடக் கிடையாது. 14 சதவீதம் வாங்க எவ்வளவு கொட்டினாலும் தண்ணியில போட்ட மாதிரி.

ரகு: எங்கேயுமே ஜெயிக்கலையா?

சுந்தரம்: ஜெயிச்சாரே, அமெரிக்கன் சமோவா! பசிபிக் நடுவுல அமெரிக்காவோட தீவு. ஓட்டுப் போட்டது 351 பேர், இவருக்கு 175.

ரகு: பாதிக்கு அரை ஓட்டு கம்மி!

சுந்தரம்: மறுநாளே விலகிட்டார். இன்னொண்ணு கேளு. கட்சி வேட்பாளரைத்தான் அவங்க தேர்ந்தெடுக்கலாம். நவம்பர்ல ஜனாதிபதி தேர்தல்ல அந்தத் தீவுக்கு ஓட்டே கிடையாது.

ரகு: 100 கோடியை ஆடிட்டர் எந்தத் தலைப்புல எழுதினாரோ!

சுந்தரம்: அவர் சொத்து அப்பவே 5,000 கோடி டாலருக்கு மேல. சில்லறைச் செலவுன்னு எழுதியிருப்பார்.