பல் இம்ப்ளான்ட் இருந்தால் எம்.ஆர்.ஐ எடுக்கக் கூடாதா?

"தாடையில் இம்ப்ளான்ட் இருந்தால் எம்.ஆர்.ஐ காந்தம் அதைப் பிடுங்கிவிடும், ஸ்கேனுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

இம்ப்ளான்ட் என்பது இல்லாத பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பொருத்தும் திருகு. அது பெரும்பாலும் டைட்டானியத்தால் ஆனது. சில வகைகள் சிர்கோனியா என்ற பீங்கான். இரும்பைப் போல இரண்டையும் காந்தம் இழுக்காது. தவிர, திருகைச் சுற்றி எலும்பு வளர்ந்து இறுகியிருக்கும். அதற்குத்தானே மூன்று மாதம், ஆறு மாதம் என்று காத்திருக்க வைக்கிறார்கள்! 1.5 அல்லது 3 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) கருவியில் நடப்பது வேறு: உலோகத்தைச் சுற்றிப் படம் கறுத்து நெளியும். மூளை, முதுகு, முழங்கால் ஸ்கேனுக்கு இது பொதுவாகத் தடையில்லை. நாக்கு, தாடை ஸ்கேன் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

கவனிக்க வேண்டியது காந்தப் பிடிப்புள்ள பல்செட். அதைக் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும். அந்தப் பல்செட்டைப் பிடித்துக்கொள்ள ஈறில் நிற்கும் உலோகத் தொப்பி காந்தத்தால் ஈர்க்கப்படும் வகை. அதைப் பற்றிப் பல் மருத்துவரிடம் கேட்காமல் ஸ்கேன் அறைக்குள் போகாதீர்கள். உலோகக் கம்பி உள்ள கழற்றும் பல்செட்டும் வெளியேதான். பக்கத்துப் பற்களில் ஒட்டிய செயற்கைப் பல் வரிசையான பிரிட்ஜைக் கழற்ற வேண்டியதில்லை, தெரிவித்தால் போதும்.

இம்ப்ளான்ட் பொருத்தியபோது தந்த அட்டையில் நிறுவனம், மாடல், லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) இருக்கும். அந்த மாடலின் கையேட்டில் எம்.ஆர்.ஐ பகுதியைப் பாருங்கள். அட்டையை ஸ்கேன் டெக்னீஷியனிடம் காட்டுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் ஃபார்வர்ட் செய்ய வேண்டாம்.