ஜமக்காளத்தின் கோட்டில் ஏ.ஐ. கை வைக்கக் கூடாது

ஆன்லைனில் விற்கும் பொருளின் மங்கலான படத்தைக் கொடுத்தாலும் ஏ.ஐ. பளிச்சென்று ஆக்கித் தரும் என்கிறது ஒரு கட்டுரை. பவானி ஜமக்காளத்துக்கும் சென்னிமலைப் போர்வைக்கும் அது ஆகாதுங்க. தெளிவில்லாத இடத்தில் இல்லாத இழையை அதுவே வரைந்துவிடும். கோட்டின் அகலம், எண்ணிக்கை, கரை எல்லாம் மாறும். வாங்கியவர் பிரித்துப் பார்த்ததும் திருப்பி அனுப்புவார், கூரியர் செலவு கடைக்காரர் தலையில்தான் விழும்.

முதலில் படத்தை ஒழுங்காக எடுங்க. ஜன்னலோர வெளிச்சம் போதும், டியூப்லைட்டை அணைத்துவிடுங்க. பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் வைத்து, அதைக் கொண்டு ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் வசதி) சரிசெய்தால் சிவப்பு ஆரஞ்சாகத் தெரியாது. பிறகு ஏ.ஐ.யிடம் பின்னணியை மட்டும் நீக்கச் சொல்லுங்க, துணியைத் தொட விடாதீங்க. அமேசானில் முதல் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி வேண்டும், பொருள் படத்தில் குறைந்தது 85 சதவீத இடத்தை நிரப்பணும். குஞ்சம் இருந்தால் பெரிதாக்கிப் பாருங்க. பின்னணியோடு சேர்ந்து வெட்டுப்படுவது பெரும்பாலும் அதுதான்.